பஞ்சுவின் நான்கு எல்லைகள்

கன்றை இழந்த பசுவுக்கு நீதி சொன்ன நாடு இது. நாய்க்கு நீதி கிடைக்க மட்டும் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு ராஜபாளையத்தில், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கம்பிவேலி போட்ட அறுபது சென்ட் நிலத்தில் முடிவுக்கு வந்தது. இந்தச் செய்தியைக் கருங்கல்லில் பொறித்து, வாசலில் நட்டு, பட்டுத்துணி போட்டு மூடியிருந்தார்கள். திறப்பு விழாவன்று, துணியை விலக்குவதற்குள் தலைவரின் நாய் சக்கரவர்த்தி முன்னால் போய்க் காலைத் தூக்கிவிட்டது. 'கல்வெட்டு முதலில் நனைக்கப்பட்டு, பின்னர் திறந்து வைக்கப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

'ராஜபாளையம் வட்டார நாய்ப் பூங்கா பராமரிப்பு மற்றும் நாய் நன்னடத்தை மேம்பாட்டுச் சங்கம்' என்பது முழுப்பெயர். தலைவர் இருளப்பசாமி, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். முப்பத்து நாலு வருடம் பத்திரம் பதிந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்குத் தன் வீட்டு வாசலைத் திறந்து பார்த்தார். யாரும் பத்திரத்தோடு நிற்கவில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் சங்கம். செயலாளர் கிருபாபாய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எது நடந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி, நிமிடத்தோடு எழுதிவிடுவார். பொய் எழுதமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். அவருடைய பொமரேனியன் ஏஞ்சல், செருப்புப் போட்டவர்களின் கணுக்காலை மட்டும் கடிக்கும்.

பதிவு செய்யாத நாய் தெருவில் நடமாடினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சங்கம் தெருவுக்குத் தெரு போர்டு வைத்ததும், சங்கையா பயந்துபோனார்.

சங்கையா நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்பின்னிங்கில் நின்றவர். வேலைக்குப் போகும்போது இரண்டு காது இருந்தது. வெளியே வரும்போது ஒரு காதில் பாதி மிஞ்சியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கட்டிக்கொடுத்த மகள் கல்பனா, அங்கே நடந்த ஒரு முகாமில் அவரை வரிசையில் நிறுத்தி, காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதை உறையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காதில் வைத்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். சட்டைப்பையில் வைத்தால் மிஷின் இருக்கிறது என்ற தைரியமும் இருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

மிஷின் இல்லாமல் அவரை நடத்திக்கொண்டிருந்தது பஞ்சு. செவலை நிறத்தில், ஒரு காது மடிந்த நாட்டு நாய். வாசலில் யாராவது கூப்பிட்டால் வந்து வேட்டியை இழுக்கும். போன் அடித்தால் இழுக்கும். குக்கர் விசில் அடித்தால் மட்டும் இரண்டு தடவை இழுக்கும். அதற்கு குக்கரைக் கண்டால் பயம். மனைவி போனபிறகு சங்கையா தனி வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுத் தனியாக இருக்க முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான். "அது இல்லன்னா ஒரு நாள் உங்கள இங்க விட்டுவைக்க மாட்டேன்" என்று கல்பனா சொல்லியிருந்தாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் நாய் வைக்க விடமாட்டார். ஆகவே பஞ்சு இருக்கிறவரை ராஜபாளையம். இல்லையென்றால் மகள் வீட்டில் ஒரு மூலை.

பதிவு நாளன்று இருளப்பசாமி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் குரல் பெரிது. பாதியைக் காதாலும் பாதியை அவர் வாயைப் பார்த்தும் சங்கையா பிடித்துக்கொண்டார்.

"மூலப் பத்திரம் இருக்கா?"

"நாய்க்கா ஐயா?"

"நாய்க்குத்தான். தாய் தகப்பன் யாரு? யாருகிட்ட இருந்து யாருக்குப் பாத்தியப்பட்டு வந்துச்சு?"

"மில்லு குடோன்ல கழிவுப் பஞ்சுக்குள்ள கிடந்துச்சுய்யா. கண்ணு தொறக்காத குட்டி. அதான் பஞ்சுன்னு பேரு."

"பங்காளிக உண்டா? பொறவு எவனாவது வந்து எனக்கும் பங்கு இருக்குன்னு நிக்கப்படாது."

சங்கையா யோசித்தார். "கூட மூணு குட்டி கிடந்துச்சு. ஒண்ணு கேன்டீன்ல நிக்கி. அது வராதுய்யா. அங்க சாப்பாடு நல்லாருக்கு."

'வில்லங்கம் இல்லை' என்று எழுதிக்கொண்டார் தலைவர். அடுத்தது சொத்து விவரம். நான்கு எல்லை போடாமல் அவருக்கு எதையும் எழுத வராது. 'கிழக்கே மூக்கு, மேற்கே வால், வடக்கே இடது விலா, தெற்கே வலது விலா, இதற்குட்பட்ட நாய் ஒன்று.' எழுதி முடிப்பதற்குள் பஞ்சு திரும்பி உட்கார்ந்துவிட்டதால், அத்தனையும் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பிறகு இடது பெருவிரல் ரேகை. நாய்க்குப் பெருவிரல் எது என்பதில் அரைமணி நேரம் போனது. கடைசியில் காவலாள் கருத்தப்பாண்டி, "எல்லா வெரலையும் வச்சிருவோம்யா, எதுவாச்சும் ஒண்ணு பெருவிரலா இருக்கும்" என்று பஞ்சுவின் பாதத்தை மைப்பெட்டியில் வைத்துப் பதிவேட்டில் அழுத்தினான். நீல நிறத்தில் ஒரு முழுப் பாதம் விழுந்தது.

அதே மையோடு பஞ்சு சங்கையாவின் வேட்டியிலும் ஏறியது. வீட்டுக்குப் போனதும் அவர் அந்த வேட்டியைச் சோப்புப் போட்டு, கறை போகிறவரை தேய்த்துத் துவைத்துவிட்டார்.

பூங்காவில் நாய்களுக்குக் குறைவில்லை, நன்னடத்தைக்குத்தான் தட்டுப்பாடு. ஆனால் எந்த நாயும் எதுவும் செய்ததாகப் பதிவு இல்லை. ஏஞ்சல் ஒருவரின் காலைக் கவ்விக்கொண்டு தொங்கும்போது, "பயப்படாதீங்க, அது ஒண்ணும் செய்யாது" என்பார் கிருபாபாய். கடிபட்டவர் காலை உதறினால், "நீங்க அசையிறதாலதான் அதுக்குப் பயமாருக்கு" என்பார். புகார் கொடுக்க அச்சிட்ட படிவம் உண்டு. அதில் முதல் வரியே, 'கடித்த நாய் பொதுவாக ஒன்றும் செய்யாது என்பதை நான் அறிவேன்' என்ற உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போட்டால்தான் புகார் செல்லும். போட்டபிறகு புகாருக்கு வேலையில்லை.

சக்கரவர்த்தி விஷயம் வேறு. அது ராஜபாளையம் சாதி. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஏழு தலைமுறைக்குச் சான்றிதழ். மூன்று நாய்களைக் கிழித்திருந்தது. வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒருவரைக் கீழே தள்ளி, அவர் மேல் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் கல்பனா அப்பாவைப் பார்க்க வந்தவள், பூங்காவில் இருக்கிறார் என்று அங்கேயே வந்தாள். கையில் வைத்திருந்த அரைக்கிலோ பால்கோவாவைச் சக்கரவர்த்தி அட்டைப்பெட்டியோடு தின்றுவிட்டது. 'திறந்த மனையில் பால்கோவா கொண்டுவந்து நாயின் நன்னடத்தைக்கு இடையூறு விளைவித்தமைக்காக' அவளுக்குக் கடிதம் போனது. அப்புறம் விதி ஏழு வந்தது: சக்கரவர்த்தி வரும்போது மற்ற நாய்கள் ஓடக்கூடாது, ஓடினால் துரத்தத் தூண்டியதாகும். சில நாய்கள் ஓடாமல் நின்று பார்த்தன. விதி எட்டு வந்தது: நிற்கவும் கூடாது, நின்றால் எதிர்த்ததாகும்.

தலைவர் கூப்பிட்டால் சக்கரவர்த்தி வராது. "நோ" என்றாலும் நிற்காது, "ஸ்டாப்" என்றாலும் நிற்காது. அதை ராஜ கம்பீரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் கருத்தப்பாண்டி தொட்டிப் படியிலிருந்து இரும்பு வாளியைத் தவறவிட்டான். வாளி சக்கரவர்த்திக்குப் பின்னால் நாலடி தள்ளி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. பூங்காவின் அத்தனை நாய்களும் துள்ளிக் குதித்தன. ஏஞ்சல் பெஞ்சுக்கு அடியில் போய்ச் சிறுநீர் விட்டது. திரும்பிப் பார்க்காமல் நின்றது இரண்டே பேர். ஒன்று சக்கரவர்த்தி. இன்னொன்று சங்கையா, பஞ்சு வேட்டியை இழுத்த பிறகுதான் அவர் திரும்பினார். திரும்பியவர் வாளியைப் பார்த்தார், அசையாமல் நின்ற வெள்ளை நாயைப் பார்த்தார். அது எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிறதுதான்.

கருத்தப்பாண்டி அவர் முகத்துக்கு நேரே வந்து பேசினான். அவன் ஒருவன்தான் அப்படிப் பேசுகிறவன். "இந்த வெள்ளைச் சாதியில அப்பிடி ஒண்ணு ரெண்டு விழும் அண்ணாச்சி. வளக்கவங்க குட்டிக்குப் பின்னால நின்னு கையத் தட்டிப் பாப்பாங்க. திரும்பலன்னா ஒதுக்கிருவாங்க."

"ஒதுக்குறதுன்னா?"

"ஒதுக்குறதுதான்." அவன் குழியை மூடுகிற மாதிரி கையைத் தரையில் தட்டிக் காண்பித்தான்.

"அப்ப ஐயா எப்பிடி இத வாங்குனாரு?"

"அவரு கையத் தட்டிப் பாக்கல. பத்திரத்தப் பாத்தாரு."

சங்கையா யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சக்கரவர்த்திக்கு எதிரே வருவதென்றால், அது பார்க்கிற மாதிரி முன்னால் கையை ஆட்டிவிட்டு வருவார். அவருக்கு அது ஒன்றும் செய்ததில்லை.

முதலாம் ஆண்டு விழா வந்தது. பந்தல், மாலை, ஒலிபெருக்கி. கொடியேற்றத்தின்போது நாய்கள் நிற்க வேண்டும் என்று உத்தரவு. ஏஞ்சல் உட்கார்ந்தே இருந்ததைக் கிருபாபாய் நேர்மையாகக் குறித்துக்கொண்டார். பேச்சின்போது நாய்கள் மனிதர்களுக்குப் பின்வரிசையில் இருக்க வேண்டும் என்பதால், சங்கையா பஞ்சுவைக் குழாயடியில் இருக்கச் சொல்லிவிட்டு முன்னால் வந்து நின்றார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளையும் சொள்ளையுமாகப் பெரிய மனிதர்கள் நின்றார்கள். கையை எடுத்துவிட்டார்.

ஒலிபெருக்கி அவருக்கு வெறும் இரைச்சல். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்: பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிப்பார், தலையாட்டினால் ஆட்டுவார். இருளப்பசாமி இரண்டு கையையும் மேலே தூக்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், உடனே கை தட்டிவிடுவார்.

"பெரியோர்களே, முப்பத்தி நாலு வருசம் நான் பத்திரம் பதிஞ்சேன்" என்று இருளப்பசாமி தொடங்கினார். "ஒரு நெலம் யாருக்குச் சொந்தம்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. தெரிஞ்சுக்கிடணும்னு நெனைச்சதுமில்ல. காயிதம் சரியா இருக்கா, அம்புட்டுத்தான் பாப்பேன். அழுதவன் உண்டு. மண்ண வாரித் தூத்துனவன் உண்டு. நான் தல நிமிந்து பாக்க மாட்டேன். பாத்தா எரக்கம் வந்துரும். எரக்கம் வந்தா பதிவு கெட்டுப்போவும். அதே நேர்மையோடதான் இன்னைக்கி நாய்களையும் பாக்கேன். இந்தப் பூங்கால ஒரு வருசமா ஒரு நாய் கூட இன்னொரு நாயக் கடிக்கல. எந்தப் பதிவேட்டுலயும் அப்பிடி இல்ல..."

அந்த நேரத்தில்தான் சக்கரவர்த்தி குழாயடிக்குப் போனது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பஞ்சு அதைப் பார்க்கவில்லை. சக்கரவர்த்தி அதன் கழுத்தைப் பிடித்தது. கூட்டமெல்லாம் திரும்பிக் குழாயடிக்கு ஓடியது. சங்கையா போய்ச் சேர்ந்தபோது கருத்தப்பாண்டி சக்கரவர்த்தியின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பஞ்சுவின் கழுத்திலிருந்து ரத்தம் குழாய்த் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது.

"ஒண்ணும் செய்யாது, ஒண்ணும் செய்யாது" என்று இருளப்பசாமி மைக்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசு கால்நடை மருத்துவமனையில் பதினாலு தையல் போட்டார்கள். ஆழமான கடி, பார்க்கலாம் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை விசாரணை. இருளப்பசாமிக்கு நாய்ச்சண்டை தெரியாது, நிலத்தகராறு தெரியும். டேப் வரவழைத்தார். வேலிக் கம்பத்திலிருந்து குழாயடிக்கு அளந்தார்கள். குழாயடிக் கம்பத்தில் சக்கரவர்த்தி பதினோரு மாதமாக, ஒருநாள் விடாமல், பகிரங்கமாக, யாருடைய ஆட்சேபமும் இல்லாமல் சிறுநீர் கழித்து வந்தது நிரூபணமாயிற்று. ஆகவே கம்பத்தைச் சுற்றி ஆறடி சக்கரவர்த்தியின் அனுபவ பாத்தியத்தில் உள்ளது. பஞ்சுவின் கிழக்கெல்லை, அதாவது மூக்கு, அதற்குள் இரண்டடி ஆக்கிரமித்திருந்தது.

"அதோட, உங்க நாய் மொதல்ல கொலச்சிச் சவால் விட்டுருக்கு" என்றார் தலைவர். "மூணு பேரு சொல்லுதாங்க. அந்தச் சத்தம் பொறுக்காமத்தான் சக்கரவர்த்தி போயிருக்கு."

சங்கையாவின் கை தானாக எழும்பியது. சக்கரவர்த்தி தலைவரின் காலடியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. பின்னால் போய் ஒரே ஒரு தட்டு. மூன்று சாட்சியும் முறிந்துவிடும். அப்புறம் கருத்தப்பாண்டி தரையில் தட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. ஏழு தலைமுறைச் சான்றிதழோடு அந்த நாயை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒதுக்குவார்கள் என்று தெரியும். கையை இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என்ன, ஏதும் சொல்லணுமா?"

"இல்லய்யா."

"சரி. உங்க நாய் கத்தும்போது நீங்க என்ன செஞ்சீங்க?"

சங்கையா தரையைப் பார்த்தார். "நின்னுக்கிட்டு இருந்தேன்யா."

கருத்தப்பாண்டியையும் கேட்டார்கள். "நான் நாயத்தான்யா பாத்தேன். மனுசங்களப் பாக்கல" என்றான், சங்கையாவைப் பார்க்காமல்.

பஞ்சுவுக்குத் தொண்ணூறு நாள் பூங்காவுக்குள் வரத் தடை என்று தீர்ப்பாயிற்று.

வீட்டில் பஞ்சு சாக்கில் படுத்தே கிடந்தது. ஏழாம் நாள் காலை சங்கையா அரிசி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு தலையைத் தூக்க முயன்றது. அடுப்படியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி அடுப்படியைப் பார்த்தது. எழுந்து வேட்டியை இழுக்க முடியவில்லை. அவர் புரிந்துகொண்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். "சரிலே, அணைச்சிட்டேன், படு" என்றார். ஒன்பதாம் நாள் செத்துப்போனது. பதினோராம் நாள் குக்கர் கருகி, புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள்.

கல்பனா வந்தாள். கரியைச் சுரண்டினாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே நின்று, "பொறப்படுங்கப்பா" என்றாள்.

"செத்த நேரம் இரு தாயி. ஒரு வேலை இருக்கு."

அவர் போனது சங்க அலுவலகத்துக்கு. இருளப்பசாமி எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். அவர் கெட்டவர் இல்லை.

"பேரை நீக்கணும்னா ரத்துப் பத்திரம் போடணும் சங்கையா. நாய நேர்ல கூட்டிட்டு வாங்க."

"அது செத்துப்போச்சுய்யா."

"அது சரி. ரெண்டாவது ரேகை வேணும்ல? ரெண்டும் ஒத்துப்போனாத்தான் செத்தது பஞ்சுதான்னு ஆகும். இல்லன்னா வேற எவன் நாயாவது செத்துட்டு, பஞ்சு பேர எடுத்துட்டுப் போயிருமே."

"பேரு இருந்துட்டுப் போகட்டும்யா. எனக்கு அந்த ரேகை இருக்குல்ல, நீல மையில, அந்த ஏட்ட மட்டும் கிழிச்சித் தாங்க. வீட்டுல அதோட ஞாபகம்னு ஒண்ணுமில்ல. வேட்டியில பட்டதக்கூடத் தொவச்சிட்டேன்."

தலைவர் அதிர்ந்துபோனார். அவர் பணிக்காலத்தில் ஒரு ஏடு கிழிந்ததில்லை. "பதிவேட்டுல ஏடு கிழிக்கப்படாது. நகல் தரலாம். மனு எழுதுங்க. தேதி போடுங்க, தேதிய வச்சித்தான் எடுப்பாங்க."

சங்கையா மனுவை வாங்கி எழுதினார். தேதி என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பஞ்சு சம்பந்தமாக அவருக்கு ஒரே ஒரு தேதிதான் மனதில் நின்றது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்.

மூன்று வாரம் கழித்து மடவார் வளாகத்துக்குத் தபால் வந்தது. இப்போது மிஷின் காதில் இருந்தது. கல்பனா கழற்ற விடுவதில்லை. தபால்காரர் வாசலில் கூப்பிட்டது அவருக்கே கேட்டது. உறையைப் பிரித்தார். நீல மை இல்லை, பாதம் இல்லை. பதிவு நடந்த தேதியைப் போடாமல் ஆண்டு விழாத் தேதியைப் போட்டிருந்ததால், அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகலை முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள். கிருபாபாயின் முத்து முத்தான கையெழுத்து.

'மாலை 5.52. சங்க உறுப்பினரின் நாய் பஞ்சு குழாயடியில் பலமாகக் கத்தியது.

மாலை 5.52. தலைவர் இரு கைகளையும் உயர்த்தினார். தலைவர் உரை கைதட்டலுடன் நிறைவுற்றது.'

"என்னப்பா போட்டிருக்கு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் கல்பனா.

"ஒண்ணுமில்ல" என்றார்.

அன்று கை தட்டியது ஒரே ஆள். அது சங்கையா.